பெரிய ஆஸ்பத்திரி கம்பெனிகள் "தரமான மனநல சிகிச்சை" என்று சொல்வதை எதை வைத்து நம்புவது? தம்பியைச் சேர்க்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

அலைவாய்க்கரை (கேள்வி)

வணக்கம். தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

என் தம்பிக்கு 27 வயது. விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு வாரம் முழுக்கத் தூங்காமல், கையில் இருந்த பணத்தையெல்லாம் தெருவில் போகிறவர்களுக்குக் கொடுத்து, பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற கடல் எல்லாம் என்னுடையது என்று பேசிக்கொண்டு திரிந்தான். வீட்டில் பயந்துபோய் முதலில் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போனோம். அங்கே யாரோ சொன்னதைக் கேட்டு, வேறொரு ஊரில் ஒரு தனியார் காப்பகத்தில் விட்டோம். ஒன்றரை மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கணுக்காலைச் சுற்றிக் கயிறு அறுத்த புண், அதன்மேல் ஈ. கேட்டதற்கு, "ஓடிருவான் சார், வேற என்ன பண்றது" என்றார்கள். அன்றைக்கே கூட்டிவந்துவிட்டோம். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, படகில் லுங்கியை மடித்துக் கட்டும்போதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் ராமநாதபுரம் அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். இருதுருவ நோய் என்றார்கள், லித்தியம் மாத்திரையும் ராத்திரிக்கு இன்னொரு மாத்திரையும் கொடுத்தார்கள். ரெண்டு வருடத்துக்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லை. இந்த மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் படகு இறங்கியதும் எங்களுக்குத் தெரியாமல் மாத்திரையை விட்டிருக்கிறான். இப்போது பழையபடி தூக்கம் போய்விட்டது, பேச்சு நிற்கவில்லை.

சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா, ஒரு பெரிய ஆஸ்பத்திரி கம்பெனி நகரத்தில் மனநலத்துக்கென்றே தனி மாடி திறந்திருக்கிறது, அங்கே சேருங்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அவர்கள் அனுப்பிய தாளில் தோட்டம், யோகா அறை, ஏசி எல்லாம் படமாக இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் "தரம்" என்ற வார்த்தை வருகிறது. இருதய ஆபரேஷன் என்றால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்கலாம். மனநலத்தில் தரம் என்றால் எதை அளக்கிறார்கள்? ஒரு தடவை ஏமாந்துவிட்டேன், மறுபடி என் கையால் அவனைக் கொண்டுபோய் அப்படி ஓர் இடத்தில் விட மாட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை லாத்தா

தம்பி, நான் கீழக்கரைக்காரி. அமெரிக்காவில், நூற்றுக்கும் மேல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிற ஒரு கம்பெனியில் மனநல வார்டில் நர்ஸாக ஏழு வருடம் வேலை பார்த்தேன். அங்கே அதை "பிஹேவியரல் ஹெல்த்" என்பார்கள். மனநோயையும் குடி, போதைப் பழக்கத்தையும் சேர்த்து ஒரே துறையாக வைத்திருக்கிறார்கள். நம் கரையிலும் பாதி வீட்டில் ரெண்டும் சேர்ந்தே வருவதால் அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். மனநலத்தில் தரத்தை அளக்க முடியும், அங்கே அளக்கிறார்கள். முதல் கணக்கு, நோயாளியைக் கட்டிவைத்த நேரம். உள்ளே இருந்த நோயாளிகளின் மொத்த மணிநேரத்தில் எத்தனை மணி கட்டிலில் கட்டி வைத்தீர்கள், எத்தனை மணி தனியறையில் பூட்டி வைத்தீர்கள் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் அரசாங்கக் காப்பீடான மெடிக்கேருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அது இணையத்தில் வெளியாகும், யார் வேண்டுமானாலும் பார்த்துப் பக்கத்து ஆஸ்பத்திரியோடு ஒப்பிடலாம். வயதுவந்த ஒருவர் கைமீறிப் போய் அவரைக் கட்ட வேண்டி வந்தால் அந்த உத்தரவு நாலு மணி நேரத்துக்குத்தான் செல்லும், அதற்கு மேல் வேண்டுமென்றால் புதிதாக வாங்க வேண்டும். கட்டிய ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரோ அதற்கென்று பயிற்சி பெற்ற நர்ஸோ நேரில் வந்து முகத்தைப் பார்த்துப் பேசிப் பரிசோதிக்க வேண்டும். போனில் சொல்லிவிட்டுத் தூங்க முடியாது.

ராத்திரி ஷிப்டில் என் கையில் ஒரு அட்டை இருக்கும். 15 நிமிடத்துக்கு ஒரு தரம் ஒவ்வொரு கட்டிலுக்கும் போய், மூச்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கட்டத்தில் எழுத வேண்டும். போர்வை தெரிகிறது என்பதற்காக எழுதக் கூடாது. குளியலறைக் கதவின் மேல்பக்கம் சரிவாக இருக்கும், கயிறு மாட்டினால் வழுக்கிவிடும். குழாய், கொக்கி, ஜன்னல் கம்பி எல்லாம் அப்படித்தான். சும்மா நடந்து பார்ப்பவருக்குப் புரியாது, ஆனால் ஒவ்வொன்றும் எங்கேயோ ஓர் உயிர் போன பிறகு மாற்றியது.

ரெண்டாவது கணக்கு, வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனது என்பது. டிஸ்சார்ஜ் ஆன ஏழு நாளுக்குள், முப்பது நாளுக்குள் எத்தனை பேர் வெளியில் ஒரு டாக்டரையோ ஆலோசகரையோ பார்த்தார்கள் என்று அளப்பார்கள். வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகமாக இருக்கும் காலம், அதனால்தான் இது. உள்ளே இருக்கும்போது எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள், மாத்திரையை நாங்கள்தானே கையில் கொடுக்கிறோம்.

டெட்ராய்ட்டில் ஹென்றி ஃபோர்டு என்றொரு ஆஸ்பத்திரிக் குழுமம், எங்களிடம் சிகிச்சையில் இருக்கிற ஒருவர்கூடத் தற்கொலை செய்துகொள்ளக் கூடாது, பூஜ்யம்தான் எங்கள் இலக்கு என்று தொடங்கியது. வருகிற ஒவ்வொருவரிடமும் நேராகக் கேட்டார்கள், அதே நாளில் பார்த்தார்கள், வீட்டில் இருக்கிற ஆபத்தான பொருட்களைக் குடும்பத்தோடு சேர்ந்து அப்புறப்படுத்தினார்கள், வராதவரைப் போன் போட்டுத் தேடினார்கள். எண்ணிக்கை பெரிய அளவில் குறைந்தது. அவர்கள் அதைத் தொடங்கிய வருடம் 2001. அதே வருடம் நம் பக்கத்தில் ஏர்வாடிக் காப்பகத் தீயில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே அந்தக் கம்பெனியிடம் இந்த ரெண்டையும் கேளுங்கள். தோட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை மதுரை

லாத்தா சொன்னது எல்லாம் உண்மையாக இருக்கலாம், ஆனால் கம்பெனி என்றால் கம்பெனிதான். நான் ஒரு ஆஸ்பத்திரியில் பில்லிங் பார்க்கிறவன். அமெரிக்காவிலேயே மனநலத்தில் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றான யூனிவர்சல் ஹெல்த் சர்வீசஸ், தேவையில்லாதவர்களை உள்ளே சேர்த்தார்கள், தேவைக்கு மேல் நாள் கணக்கில் வைத்திருந்தார்கள் என்ற வழக்கில் 2020 ஜூலையில் 12.2 கோடி டாலர் கொடுத்து அரசாங்கத்தோடு சமரசம் செய்துகொண்டது. தவறு செய்தோம் என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் காலிக் கட்டில் நஷ்டம் என்கிற இடத்தில் "இன்னும் நாலு நாள் இருக்கட்டும்" என்று டாக்டர் சொன்னால் அது யாருக்காக என்று கேட்க வேண்டும்தானே.

அப்புறம் சித்தப்பா பணத்தைத் தொடும் முன்னால், வீட்டில் யாருக்காவது மருத்துவக் காப்பீடு இருந்து அதில் தம்பி பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு, உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. 2022 அக்டோபர் 31-க்குள் எல்லா பாலிசியிலும் இதைச் சேர்த்தாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் உத்தரவு போட்டது. கவுண்டரில் "சைக்யாட்ரிக்கு கிடையாது சார்" என்று வாயால் சொல்வார்கள். எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள், பாதிப் பேர் அப்போதே இறங்கி வருவார்கள்.

ஏர்வாடி வடக்குத்தெரு

2001 ஆகஸ்ட் 6. அப்போது எனக்குப் பதினாலு வயது. விடியும் முன்னே சத்தம் கேட்டு ஓடினோம். மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீ. ஓலைக் கொட்டகை, காற்று வேறு, ஒரு பனையோலை பற்றினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சங்கிலி போட்டிருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். பெரியவர்கள் எங்களைப் பக்கத்தில் விடவில்லை, ஆனால் அந்த வாடை மூணு நாள் தெருவை விட்டுப் போகவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, காப்பகங்களை மூடினார்கள், நூற்றுக்கணக்கான பேரை அரசாங்கம் கூட்டிக்கொண்டு போனது.

இதை எழுதக் காரணம் இருக்கிறது தம்பி. வெளியூர்க்காரர்கள் தர்காவுக்கு வருகிறவர்களை அறிவில்லாதவர்கள் என்று பேசுவார்கள். எனக்கு அது வலிக்கும். வருகிறவர்களில் எல்லா மதமும் உண்டு, எங்கேயும் ஆறுதல் கிடைக்காமல்தான் வருகிறார்கள். துஆவும் இருக்கட்டும் மருந்தும் இருக்கட்டும் என்று இப்போது தர்கா பக்கத்திலேயே மனநல மருத்துவர் பார்த்து மாத்திரை கொடுக்கிற அரசாங்கத் திட்டம் இருக்கிறது. அது வந்ததில் பலன் பெற்ற குடும்பங்களை எனக்கு நேரில் தெரியும்.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு, லாத்தா சொன்ன அமெரிக்கக் கணக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம், நம் சட்டமே சில இடங்களில் அதைவிடக் கடுமையாக இருக்கிறது. அந்த 2017 சட்டத்தின் 95-வது பிரிவு, எந்த விதத்திலும் எந்த உருவத்திலும் சங்கிலி போடக் கூடாது என்கிறது. 97-வது பிரிவின்படி தனியறையில் அடைப்பது அறவே கூடாது. கட்டுவது என்றால், உடனடியாக ஆபத்து வரப்போகிறது, வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூட இல்லாமல். அதைக் காரணத்தோடு எழுதி வைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பிரதிநிதி நீங்களாக இருக்கலாம், தம்பி தெளிவாக இருக்கும்போதே ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளட்டும்.

அவன் விருப்பம் இல்லாமல் சேர்த்தால் ரெண்டு பேர், அதில் ஒருவர் மனநல மருத்துவர், தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் தடவை 30 நாளுக்கு மேல் வைக்க முடியாது, ஏழு நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். அந்த ஆஸ்பத்திரி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறதா, சான்றிதழ் எங்கே மாட்டியிருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் தம்பியின் காலில் கயிறு கட்டிய இடத்தில் இதில் ஒன்றுகூட இருந்திருக்காது.

பாம்பன் அக்கா

தம்பி, எல்லோரும் நல்லதுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒருத்தரும் அவன் கடலுக்குப் போகிறவன் என்பதை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கும் இதே நோய், பதினோரு வருடமாக லித்தியம் சாப்பிடுகிறார், நாட்டுப்படகில் போகிறார். அதனால் சொல்கிறேன்.

லித்தியம் ஓர் உப்பு. உடம்பில் தண்ணீரும் சாப்பாட்டு உப்பும் குறைந்தால் ரத்தத்தில் அது ஏறிவிடும். வெயிலில் பகல் முழுக்க வலை இழுத்து வேர்த்துக் கொட்டி, கொண்டுபோன தண்ணீரைச் சிக்கனமாகக் குடித்து, அன்றைக்கு வாந்தி வேறு எடுத்தால் ஆபத்து. எங்கள் வீட்டில் ஒரு தடவை நடந்தது. கரைக்கு வந்து இறங்கும்போது கை நடுங்குகிறது, சாதாரண நடுக்கம் இல்லை, டீ கிளாசைப் பிடிக்க முடியாமல் பாதி டீ சட்டையில். நடை குடிகாரர் மாதிரி, பேச்சு குழறல். பார்த்தவர்கள் எல்லாம் தண்ணியடித்திருக்கிறார் என்றார்கள். நான் ஆட்டோ வைத்து ராமநாதபுரம் கொண்டுபோனேன், ரத்தத்தில் லித்தியம் கூடிப்போயிருந்தது. அதற்கு முந்தின வாரம் இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை சாப்பிட்டிருக்கிறார், டைக்ளோபெனாக். அதுவும் லித்தியத்தை ஏற்றிவிடும் என்று டாக்டர் அன்றைக்குத்தான் சொன்னார்.

அதிலிருந்து அவருக்குத் தனியாக அஞ்சு லிட்டர் கேன், யாரும் அதில் கை வைக்கக் கூடாது. வலி என்றால் பாராசிட்டமால் மட்டும். டாக்டர் சொன்ன தேதிக்கு ரத்தப் பரிசோதனை, அதுவும் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டால் காலை எட்டு மணிக்கு ஊசி குத்த வேண்டும், காலை மாத்திரையை அதற்கு அப்புறம்தான் போட வேண்டும்.

உங்கள் தம்பி மாத்திரையை விட்டது அவன் திமிரால் இல்லை. ராத்திரி மாத்திரையால் படகில் தூக்கம் வந்தால் பிழைப்புப் போகும், அதனால் விட்டிருப்பான். அதை அவன் டாக்டரிடம் சொன்னானா, டாக்டர் "என்ன வேலை, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருவாய்" என்று கேட்டாரா? கேட்டிருந்தால் தூக்க மாத்திரையின் நேரத்தை மாற்றியிருக்கலாம், அளவைக் குறைத்திருக்கலாம், வேறு மருந்து பார்த்திருக்கலாம். எங்கள் டாக்டர் படகு போகிற நாளையும் கரையில் இருக்கிற நாளையும் சீட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். என்னைக் கேட்டால் தரம் அங்கேதான் இருக்கிறது. எத்தனை லட்சம் வாங்கினாலும் வலை எந்த நேரத்தில் இழுப்பார்கள் என்று கேட்காத டாக்டர் எழுதுகிற மாத்திரை கடலுக்குள்தான் போகும்.

கீழக்கரை லாத்தா

அக்கா, கை கொடுங்கள். ஏழு வருடம் வேலை பார்த்த இடத்தில் ஆயிரம் கட்டம் போட்ட படிவம் இருந்தது, நோயாளியின் வேலை நேரத்துக்கு ஒரு கட்டம் இல்லை.

கணக்குப்பிள்ளை சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நான் பார்த்தது மறுபக்கம். ஒருவருக்குக் காப்பீட்டு நாள் முடிந்தால் தயாரில்லாதவரையும் வீட்டுக்கு அனுப்புகிற அழுத்தம் வரும். ஒரு தாயார் பையோடு வாசலில் நின்று, "இன்னும் ரெண்டு நாள் வைத்துக்கொள்ளுங்களேன்" என்று அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. கட்டி வைத்த நேரம் குறைவு என்று எங்கள் வார்டுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது அதே மாதம்தான். எண்ணிக்கை பொய் சொல்லவில்லை, அது கேட்காத கேள்விகளும் இருக்கின்றன, அவ்வளவுதான். அதற்காக எண்ணிக்கையே வேண்டாம் என்று விட்டால் பழைய காப்பகத்துக்குத்தான் திரும்பிப் போவோம்.

இன்னொன்று தம்பி. உங்கள் தம்பியின் பேச்சு நிற்கவில்லை, தூக்கம் போய்விட்டது என்கிறீர்கள். சேர்க்கும் இடத்தைத் தேடிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள், இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். விட்ட லித்தியத்தை நீங்களாகப் பழைய அளவில் தொடங்காதீர்கள். ராத்திரியில் கைமீறினால் 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசாங்க மனநல உதவி எண்ணுக்குப் போடுங்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

அலைவாய்க்கரை

எல்லோருக்கும் பதில் எழுத மூன்று நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். லாத்தா எழுதியதைப் பார்த்த அன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். உள்ளே வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரரின் அம்மா அவனுக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவருகிறார். நேற்று ராத்திரி அஞ்சு மணி நேரம் தூங்கினான்.

நகரத்து ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டேன், நீங்கள் சொன்னதையெல்லாம் தாளில் எழுதி வைத்துக்கொண்டு. பதிவுச் சான்றிதழ் இருக்கிறது, படம் அனுப்பினார்கள். கட்டுவதைப் பற்றிக் கேட்டதும் அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு மருத்துவரிடமே போனைக் கொடுத்தார். அவர் நன்றாகத்தான் பேசினார், தனியாக ஒரு பதிவேடு இருக்கிறது, நேரில் வந்தால் காட்டுகிறேன் என்றார். வீட்டுக்குப் போன ஏழாவது நாள் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "அப்பாயிண்ட்மெண்ட் போட்டு வாங்க, மெசேஜ் வரும்" என்றார்கள். தங்கச்சிமடத்திலிருந்து எப்படி வருவான், வராவிட்டால் யாராவது கூப்பிடுவீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், பெரிய இடத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். இங்கே சரியாகவில்லை என்றால் அந்தப் பதிவேட்டை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

பாம்பன் அக்கா, உங்கள் கேள்வியை இன்று காலை டாக்டரிடம் கேட்டேன். வார்டில் நின்றுகொண்டே, "படகு எத்தனை மணிக்கு எடுப்பீங்க" என்று தம்பியிடமே கேட்டார். அவன் எழுந்து உட்கார்ந்து, டோக்கன் வாங்குவதிலிருந்து மறுநாள் காலையில் மீனை இறக்குகிறவரை வரிசையாகச் சொன்னான். நடுவில் ரெண்டு மூன்று தடவை பேச்சு வேறெங்கோ போனது, அவரே திருப்பிக் கொண்டுவந்தார். நாலாவது பாடு வலை இழுக்கிற நேரத்தில்தான் கண்ணைச் சொருகும் என்று அவன் சொன்னதை ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

பாம்பன் அக்கா

நல்லது தம்பி. அஞ்சு லிட்டர் கேன் இப்போதே வாங்கி வையுங்கள், மேலே அவன் பெயரை எழுதி.